பால் சேகரிப்பு நிலையத்தில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை: வன்னிக் கிராமம் ஒன்றில் மாடும் மானமும் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருகின்ற இரு குடும்பங்களும் முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், நடுத்தரக் குளம் ஒன்றின் கீழ் வயல் செய்கின்ற ஒரே கிராமத்தைச் சேர்ந்தவை. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்துள்ளேன்; இரு வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நிகழ்வு நடந்தபோது நான் அக்கிராமத்துக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் செயலாளராக இருந்தேன். நான் வெளியே நின்று பார்த்தவன் அல்லன். இதில் நேர்ந்த பிழைகளுள் ஒன்று முழுவதும் என்னுடையது.

ஒருவரைப் பட்டிக்காரர் என்று குறிப்பிடுகிறேன். வயது 66. தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் மாடு வைத்திருந்த குடும்பம். மற்றவரை வயற்காரர் என்கிறேன். வயது 44. அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தின் கீழ் வந்து காணி பெற்றவர். தாயார் இந்த ஊரிலேயே பிறந்தவர். அத்தாயார் பட்டிக்காரருக்கு ஒன்றுவிட்ட தமக்கை முறை. ஆகையால் வயற்காரர் சிறு வயது முதல் பட்டிக்காரரை ‘அம்மான்’ என்றும் ‘நீங்கள்’ என்றுமே அழைத்து வந்தார். இந்த முறைப்பெயர் பின்னால் நடந்தவற்றுக்கு நெல்லைவிட முக்கியமானது என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

வன்னியில் மாடு என்பது பாலும் எருவும் மட்டும் அன்று. 2008 இன் பிற்பகுதியிலும் 2009 இலும் சனங்கள் இடம்பெயர்ந்து போனபோது பட்டிகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள். மீளக் குடியமர்ந்த பின்னர் காட்டில் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளைத் தேடிப் பிடித்து, தொடையில் சுட்ட குறியை வைத்தே இது இன்னாருடையது என்று தீர்த்தார்கள். பட்டிக்காரர் நூற்றுக்கும் மேற்பட்ட மாடுகளை விட்டுப் போனவர். திரும்பி வந்து கண்டெடுத்தவை ஏழு. அந்த ஏழிலிருந்து கட்டியெழுப்பிய பட்டி நிகழ்வுக் காலத்தில் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒருமுறை பழைய பசு ஒன்றின் தொடையில் மயிர் மூடிப்போயிருந்த குறியை விரலால் விலக்கிக் காட்டி, “இது எங்கட அப்புவின்ர முதலெழுத்து” என்று என்னிடம் சொன்னார். வீடும் காணி உறுதியும் படங்களும் போன பிறகு அவருடைய தகப்பனாரின் எழுத்து மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றுதான்.

மாடு மந்தையாக நடக்கக்கூடிய சொத்து. ஓர் இரவில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். நெல்லை வேரோடு அப்படிக் கொண்டுபோக முடியாது. தொல்காப்பியம் புறத்திணைகளைச் சொல்லும்போது ஆநிரை கவர்தலாகிய வெட்சியிலிருந்து தொடங்குவதும், நிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு நடுகல் நட்டதும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவை. காவல் துறையும் நீதிமன்றமும் எட்டாத இடத்தில் மாட்டுக்காரனைக் காப்பது, ‘இவனுடைய மாட்டில் கை வைத்தால் சும்மா விடமாட்டான்’ என்ற பேர்தான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் வன்முறையை ஆராய்ந்த ரிச்சர்ட் நிஸ்பெட், டோவ் கோஹன் ஆகிய உளவியலாளர்களும், அங்கே குடியேறிய கால்நடை வளர்ப்பாளரின் பழைய வாழ்க்கை முறையே மானத்தை முதன்மைப்படுத்தும் பண்பாட்டுக்கு ஒரு காரணம் என்று 1996 இல் எழுதினார்கள். அவர்களுடைய முடிவை அப்படியே வன்னிக்குப் பொருத்த நான் விரும்பவில்லை. இங்கே மாட்டுக்காரரும் கமக்காரரும் ஒரே வீட்டில் பெண் எடுத்துக் கொடுத்து வாழ்பவர்கள். ஆனால் அந்தப் பேர் எவ்வளவு பெறுமதியானது என்பதை விளங்கிக்கொள்ள அது எனக்கு உதவியது.

நிகழ்ந்தது

காலபோகத்துக்கான (மாரிகால நெற்செய்கைக்கான) பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயல்வெளியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் திகதி வழமைபோலத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் மாடுகளைக் கொண்டுபோய் விடுவதற்கு மேய்ச்சல் தரை என்று ஒதுக்கப்பட்ட நிலம் எங்கள் ஊரில் இல்லை. பழைய மேய்ச்சல் இடத்தில் காட்டு எல்லைக் கல் நாட்டப்பட்டிருந்தது. திகதியைக் குறிப்பேட்டில் எழுதிய நாங்கள், மாடு எங்கே போவது என்பதை எழுதவில்லை.

கார்த்திகை மாத மழை இரவு ஒன்றில் பட்டியின் அடைப்பு சரிந்து, பதினான்கு மாடுகள் வயற்காரரின் வயலில் இறங்கின. நாற்பத்தைந்து நாட் பயிர். அரை ஏக்கர் அளவில் மேய்ந்தும் உழக்கியும் விட்டன. வயற்காரர் மூன்று மாடுகளைப் பிடித்துக் கட்டினார். அதுவரையில் எல்லாம் வருடாவருடம் நடப்பதுதான்.

விடிந்ததும் பால் சேகரிப்பு நிலையத்தில் இருவரும் சந்தித்தனர். இருபது பேர் வரையில் பால் கலன்களோடு வரிசையில் நின்றார்கள். வயற்காரர் இரவு முழுவதும் நித்திரையின்றி, முழங்கால் வரை சேற்றோடு வந்திருந்தார். அவர் சொன்னதை அங்கே நின்ற ஆறு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஆறு பேரும் ஒரு சொல் பிசகாமல் சொன்னது இது: “நீ பிள்ளை வளர்த்த மாதிரித்தானே மாடும் வளர்ப்பாய்.”

பட்டிக்காரரின் மகள் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாகத் தான் விரும்பியவரைத் திருமணம் செய்திருந்தார். பட்டிக்காரர் பதில் எதுவும் சொல்லவில்லை. கலனைத் தூக்கிக்கொண்டு, பாலை அளக்கக் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினார். அன்றைய பால் முழுவதையும் அவர் கிணற்றடியில் ஊற்றியதாக அவருடைய மனைவி பின்னர் சொன்னார்.

அவதானித்தவை

அன்று மாலை அமைப்பிடம் முறைப்பாடு வந்தபோது இரு தரப்பினருமே பயிர்ச்சேதத்தைப் பற்றிக் கதைத்தார்கள். எத்தனை மூடை, என்ன விலை, யாருடைய வேலி என்றே பேச்சுப் போனது. நானும் அதையே பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன். வாக்கியத்தில் இருந்த இரண்டு வெட்டுகளை நான் கவனித்தும் கணக்கில் எடுக்கவில்லை. மகளை இழுத்தது ஒன்று. ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆனதும் ‘அம்மான்’ என்ற சொல் காணாமற் போனதும் மற்றையது. எங்கள் பக்கத்தில் ‘நீர்’ என்று இறங்கினாலே முகம் மாறும். மருமகன் முறையான ஒருவன் இருபது பேருக்கு முன்னால் ‘நீ’ என்பது உறவையே அறுத்துவிட்டேன் என்று அறிவிப்பதற்குச் சமம்.

முதல் முடிவும் அதன் விளைவும்

விவசாயப் போதனாசிரியரை அழைத்துச் சென்று சேதத்தை மதிப்பிட்டோம். பயிர் ஓரளவு மறுபடி துளிர்க்கும் என்பதால் இழப்பை எட்டு மூடை என்று கணக்கிட்டோம். பட்டிக்காரர் தொகையைக் கேட்டவுடன் எண்ணித் தந்தார். “காசு பிரச்சினையில்லை தம்பி” என்றார். அந்த வசனத்தை நான் சம்மதம் என்று விளங்கிக்கொண்டேன். காசு பிரச்சினையில்லை என்றால் வேறெதுவோ பிரச்சினை என்று அவர் எனக்குச் சொன்னதாக இன்று விளங்குகிறது.

ஊர்ப் பார்வை படாமல் முடிப்பதே இருவருக்கும் மரியாதை என்று எண்ணி, இரவு எட்டு மணிக்குப் பணத்தைக் கடித உறையில் வைத்து வயற்காரரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். இதுதான் என்னுடைய பிழை.

மறுநாள் பட்டிக்காரரின் இளைய மகன் தேத்தண்ணீர்க் கடையில், “காசைக் குடுத்தோம், வாயைப் பொத்திட்டார், வந்தான் வரத்தானுக்கு அவ்வளவுதான்” என்று சொன்னதாகக் கதை பரவியது. இந்த ஊரில் பிறந்து, இந்த மண்ணிலேயே தகப்பனை எரித்தவரை ‘வந்தான் வரத்தான்’ என்றது, பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொன்னதற்குச் சற்றும் குறையாத அடி. பின்னேரம் வயற்காரர் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து கடையின் மேசையில் போட்டுவிட்டுப் போனார். பகிரங்கமாகப் பட்ட காயத்துக்கு நான் இரகசியமாக மருந்து கட்டப் போனேன். இருட்டில் கைமாறிய பணம், ஒருவருக்கு வார்த்தையின் விலையாகவும் மற்றவருக்கு வாய்க்கு வைத்த பூட்டாகவும் தெரிந்தது.

ஒரு கிழமைக்குள் பட்டியில் ஒரு நாகு (இளம் பசு) பின்னங்காலில் வெட்டுக் காயத்தோடு வந்து சேர்ந்தது. யார் வெட்டியது என்பது இன்றுவரை தெரியாது. வயற்காரர் தான் இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் ஆயத்தமாக இருந்தார். அதற்கு மூன்றாம் நாள் குளக்கட்டில் பட்டிக்காரரின் இளைய மகன் மோட்டார் சைக்கிளிலும் வயற்காரரின் தம்பி லான்ட்மாஸ்ரர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்திலும் எதிரெதிரே வந்தார்கள். கட்டின் அகலம் இரண்டும் தாராளமாக விலகக் காணும். ஒருவரும் விலகவில்லை. இயந்திரம் மோதும் தூரத்தில் நின்று, வார்த்தை முற்றி, கைகலப்பில் ஒருவருக்குப் பல் உடைந்தது. மற்றவருக்குப் புருவத்தில் நான்கு தையல்.

அந்தக் குளக்கட்டை நினைக்கும்போது, மேலே சொன்ன ஆய்வாளர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு பரிசோதனை எனக்கு நினைவுக்கு வருகிறது. மாணவர்களை ஒடுங்கிய நடைபாதையில் நடக்கவிட்டு, சிலரை மட்டும் ஒருவர் தோளால் இடித்து இழிசொல் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். பின்னர் எதிரே உடல் பருத்த ஒருவரை நடந்துவரச் செய்து, எந்தத் தூரத்தில் வழி விடுகிறார்கள் என்று அளந்தார்கள். அவமதிக்கப்படாத தென்மாநில மாணவர்கள் ஏறத்தாழ 9 அடி தூரத்திலேயே ஒதுங்கினார்கள். வழமையில் அவர்களே கூடுதலான மரியாதை காட்டுபவர்கள். அவமதிக்கப்பட்டவர்களோ ஏறத்தாழ 3 அடி வரும் வரையில் ஒதுங்கவில்லை. வடமாநில மாணவர்களிடம் இத்தகைய பெரிய வேறுபாடு இல்லை. மிகுந்த மரியாதையும் திடீர்ச் சண்டையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதை நான் எங்கள் ஊரிலும் கண்டேன். வரம்பில் எதிர்ப்பட்டால் பெரியவருக்கு வழிவிட்டு வயலுக்குள் இறங்கி நிற்கின்ற பிள்ளைகள்தான் இருவரும்.

மத்தியஸ்த சபையில்

இரு பகுதியினரும் பொலிசில் முறைப்பாடு செய்ய, விடயம் மத்தியஸ்த சபைக்கு வந்தது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபையில் சட்டத்தரணிகள் வழக்காடுவதில்லை. ஊர்ப் பெரியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்றோர் மூவர் அமர்ந்து இரு பகுதியினரையும் நேரடியாகப் பேச வைப்பார்கள்.

முதல் அமர்வு நாற்பது நிமிடங்களில் குழம்பியது. மன்னிப்புக் கேட்க இரு பகுதியினரும் ஆயத்தமாக இருந்தார்கள். முதலில் கேட்க ஒருவரும் ஆயத்தமாக இல்லை. “முதல் கேட்டால் பிழை முழுக்க என்னிலை எண்டு ஊர் எழுதி வைச்சிடும்” என்றார் வயற்காரர். பட்டிக்காரர் ஒரே ஒரு வசனம் பேசினார்: “நான் கேட்கமாட்டன் எண்டில்லை, கேட்டாப் பிறகு நான் எந்த முகத்தோட பால் கொண்டு போறது?” சபைத் தலைவர் அடுத்த அமர்வை மூன்று கிழமைகளுக்குத் தள்ளிவைத்தார். வற்புறுத்தி அன்றே கையொப்பம் வாங்கியிருந்தால் கடுதாசியில் இணக்கமும் குளக்கட்டில் இன்னொரு சண்டையும் வந்திருக்கும்.

வீடு வீடாகக் கேட்டது

இருவருடைய பேச்சிலும் ‘ஊர்’ திரும்பத் திரும்ப வந்ததால், அந்த ஊரிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். மூன்று கிழமைகளில் பதினேழு வீடுகளுக்குப் போனேன். கேள்வியைத் தனியாகத்தான் கேட்டேன். ஆட்கள் கூடியிருக்கும்போது கேட்டால் வேறு பதில் வருமென்று எனக்குத் தெரியும். “இவர் விட்டுக்கொடுத்தால் நீங்கள் அவரைக் குறைவாக நினைப்பீர்களா?”

பதினைந்து வீடுகளில் இல்லை என்றார்கள். பலர் அவருக்கு மதிப்புக் கூடும் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அதே ஆட்களிடம், “மற்றச் சனம் என்ன நினைக்கும்?” என்று கேட்டபோது, பெரும்பாலானோர், “ஐயோ, மற்றாக்கள் விடுவினமே, கதைச்சே கொண்டுபோடுவினம்” என்றார்கள். பதினைந்து வீடு தனித்தனியே மன்னிக்க ஆயத்தமாக இருந்தது. சேர்த்துப் பார்த்தால் மன்னிக்காத ஓர் ஊர் அவர்களுடைய மனங்களில் மட்டும் இருந்தது. மான உணர்வு மிகுந்த சமூகங்களில் ஆண்கள் தங்கள் சகாக்களின் சண்டைக்குணத்தை உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டிருப்பதைப் பின்னர் படித்தேன். எனக்கு அதை முதலில் காட்டியவர்கள் அந்தப் பதினேழு வீட்டுக்காரர்தான்.

கேட்டதை யார் சொன்னது என்று குறிப்பிடாமல் இரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சொன்னேன். வயற்காரர் நம்பவில்லை, நான் சமாதானத்துக்காகக் கூட்டிச் சொல்கிறேன் என்றார். அவருடைய தாயார்தான் உள்ளேயிருந்து, “நானும் அந்தக் கணக்கிலை ஒருத்தி. தம்பியின்ர வாசலிலை நான் கால் வைச்சு ரெண்டு மாசமாச்சு” என்றார். அவருக்கு 78 வயது.

மறுபடியும் அதே இடத்தில்

எங்கள் குளக்கட்டு ஐயனாருக்குத் தை மாதத்தில் ஊர்ப் பொங்கல் நடைபெறும். அரிசி வயற்காரரிடமிருந்தும் பால் பட்டிகளிலிருந்தும் வரும். முதற்பால் கொண்டுவருவது பட்டிக்காரர் குடும்பத்தின் உரிமை. அந்த வருடம் பால் வராது என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். இதை இழப்பாக அன்றி வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் அந்தத் தாயார். பால் கேட்டுப் பட்டிக்காரரின் வாசலுக்குப் போவது கோவில் காரியம். அதில் யாரும் தலை குனிந்ததாக ஆகாது.

அமைப்பின் நிருவாகத்தில் மூன்று முடிவுகள் எடுத்தோம். சொல் விழுந்த பால் சேகரிப்பு நிலையத்திலேயே, அதே காலை நேரத்திலேயே அது மீள எடுக்கப்பட வேண்டும் என்பது முதலாவது. மகளின் பெயரோ திருமணமோ மீண்டும் வாயில் வரக்கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பற்றி நீண்ட நேரம் விவாதித்தோம்: ‘யார் முதலில்’ என்ற முடிச்சை அவிழ்க்க, முதல் மன்னிப்பை அமைப்பே கேட்பது. மேய்ச்சலுக்கு இடம் காட்டாமல் திகதி மட்டும் எழுதியது எங்களுடைய பிழை என்பது உண்மையாகையால், இது வெறும் உபாயமாகத் தோன்றாது என்று நினைத்தோம்.

அன்று காலை அமைப்பின் தலைவர் கலன்களோடு நின்றவர்களுக்கு முன்னால் அதைச் சொன்னார். பிறகு வயற்காரர் தாயாரோடு வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுவந்து பட்டிக்காரரின் முன் நின்றார். சிறிது நேரம் அவருக்குச் சொல் வரவில்லை. பின்னர், “அம்மான், பொங்கலுக்குப் பால் தரவேணும். அண்டைக்கு நான் கதைச்சது பிழை” என்றார். பட்டிக்காரர் கலனைக் கீழே வைத்து, சாரத்தில் கையைத் துடைத்து, இரண்டு கைகளாலும் தட்டத்தை வாங்கினார். “அடைப்பைப் பார்க்காமல் படுத்தது என்ர பிழை. மூடைக் கணக்கைக் கோவிலடியிலை தீர்ப்பம்” என்றார். வேறு எதுவும் பேசப்படவில்லை. வரிசை நகரத் தொடங்கியது.

பின் விளைவுகள்

எட்டு மூடை நெல் அறுவடையின் பின் பகிரங்கமாகக் கொடுக்கப்பட்டது. அதில் இரண்டு மூடையை வயற்காரர் கோவிலுக்கு எழுதினார். மத்தியஸ்த சபையின் இரண்டாவது அமர்வில் இணக்கம் பதிவாகி முறைப்பாடுகள் முடிவுக்கு வந்தன. வெட்டுப்பட்ட நாகு உயிர் தப்பியது. நடையில் நொண்டல் இருக்கிறது. குளக்கட்டில் அடிபட்ட இளைஞர் இருவரும் இன்னும் கதைப்பதில்லை, ஆனால் விலகிப் போகிறார்கள்.

மகள் பொங்கலுக்கு வரவில்லை. அவரைச் சந்தித்து நடந்ததை விளக்கியபோது, “என்ர பேரை வைச்சு ரெண்டு பகுதியும் சண்டை பிடிச்சினம், பிறகு என்ர பேரை எடுக்காமல் சமாதானமாயிட்டினம். ரெண்டு முறையும் என்னை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை. ஆண்களின் மானத்தைப் பெண்ணின் வாழ்க்கையில் கொண்டுபோய் வைத்திருக்கின்ற வழக்கத்தை எங்கள் இணக்கம் தொடவே இல்லை. அவருடைய பெயரை மறைத்தபோது, அவர் செய்த திருமணம் மறைக்க வேண்டிய ஒன்று என்பதை நாங்களும் ஒப்புக்கொண்டவர்கள் ஆனோம்.

மாற்ற வேண்டியவை

இப்படி ஒரு முறைப்பாடு மீண்டும் வந்தால், சேதத்தை அளப்பதற்கு முன் என்ன சொல்லப்பட்டது, யார் முன்னால் சொல்லப்பட்டது என்று கேட்பேன். பணத்தை இரவில் கொண்டுபோக மாட்டேன். பேச்சில் ஒருவருடைய பெயர் இழுக்கப்பட்டிருந்தால், அவர் பெண்ணாயினும் இளையவராயினும், இணக்கத்தின் வடிவத்தை முடிவு செய்யும் முன் அவரிடம் போவேன். வீடு வீடாகக் கேட்பதை மூன்றாம் மாதத்தில் அல்லாமல் முதற் கிழமையிலேயே தொடங்குவேன்.

அமைப்பின் குறிப்பேட்டில் ஒரு விதியும் சேர்க்கப்பட்டுள்ளது. மாடு வயலில் இறங்கினால் வயற்காரர் மாட்டுக்காரரிடம் நேரே போகாமல் வாய்க்கால் பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும். பிரதிநிதியும் இரு பகுதியிலிருந்தும் ஒவ்வொருவரும் அன்றே சேதத்தைப் பார்த்து மூடைக் கணக்கை எழுத வேண்டும். கொடுக்கல் வாங்கல் அறுவடைக்குப் பின் கோவிலடியில் நடக்க வேண்டும். நித்திரையற்ற ஒருவரும் பயந்துபோன ஒருவரும் பலர் முன்னிலையில் முகத்துக்கு முகம் நிற்பதை இவ்விதி தவிர்க்கிறது. குளத்தின் மேற்கே ஒரு துண்டு நிலத்தைக் காலபோக மேய்ச்சலுக்கு ஒதுக்கித் தருமாறு எழுத்திலும் கேட்டுள்ளோம். பதில் இன்னும் வரவில்லை. இந்த விதி, கடந்த இரண்டு காலபோகங்களில் ஆறு தடவை பயன்பட்டது. ஐந்தில் நெல் கைமாறிவிட்டது. ஆறாவதில் மாட்டுக்காரர் கணக்கை ஏற்கவில்லை. அவருடைய வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை போக இருக்கிறேன்.